கறிபாப்பை இலேசாக்குவோமா?

பெக்கோக்கில் மாலை நான்கு மணியானால் சட்டியில் எண்ணெய் கொதிக்கும் வாசம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். கறிபாப் இல்லாத தேநீர் நம்மவர்களுக்குத் தேநீரா, சொல்லுங்கள்!

என் மாமனார் வெகு காலம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் கிளம்பி, நிரை நிரையாக நடந்து, வாளி சுமந்த உடம்பு. அந்நாளில் நான்கு கறிபாப் தின்றாலும் வேலையிலேயே கரைந்து போகும். இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அவரும் ஓய்வு பெற்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கறிபாப் மட்டும் நான்குதான்! இனிப்புநீர் வந்த பிறகு, "பொரித்ததைத் தொடாதீர்கள்" என்றார் டாக்டர். இரண்டு வாரம் கேட்டார். பிறகு சட்டைப்பையில் எண்ணெய்க் கறை தெரிந்தது.

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆகவே, வாசகியரே, இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல.

பொரிக்காமல் அடுப்பில் சுட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். பாதிதான் உண்மை. எண்ணெய் சட்டியில் மட்டுமா இருக்கிறது? மாவிலேயே ஒளிந்திருக்கிறதே! சுருள் சுருளாக வரும் கறிபாப்புக்கு அரைக் கிலோ மாவுக்குக் கால் கிலோ மார்ஜரின் போடுகிறவர்களும் உண்டு. அதைச் சுட்டாலும் பாரம் பாரம்தான். சரி, மாவில் எண்ணெயைக் குறைத்தேன். வந்தது மரக்கட்டை. "ஏம்மா, இது கறிபாப்பா, செருப்பா?" என்றார் மாமா.

கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டு, அது பசையாக இறுகாமல் தடுக்கிறது. அதனால்தான் ஓடு நொறுங்குகிறது. கொழுப்பை எடுத்தால் அந்த வேலையில் கொஞ்சத்தையாவது வேறொன்று செய்ய வேண்டும். வழி காட்டியது பல்கேரிய நாட்டுப் பலகாரம் ஒன்று! 'பானிட்சா' என்று பெயர். மெல்லிய மாவு இதழ்களுக்கு நடுவே உப்புப் பாலாடைக்கட்டியும் முட்டையும் வைத்துச் சுடுவார்கள். இதழுக்கு இதழ் வெண்ணெய் தடவுவது வழக்கம். இலேசாக வேண்டுவோர் வெண்ணெயைக் குறைத்துத் தயிரையும் முட்டையையும் அடித்துத் தடவுவார்கள். நம் வீட்டில் தயிருக்கா பஞ்சம்?

300 கிராம் கோதுமை மாவில் அரைத் தேக்கரண்டி உப்புப் போடுங்கள். நான்கு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். (கை வைத்துவிடாதீர்கள், சுட்டுவிடும்!) ஆறியதும் மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் விட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் இறுகிவிடும். ஒன்று சேர்ந்தால் போதும். ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். இருபது கறிபாப் வரும். கணக்குப் பார்த்தால் ஒன்றின் ஓட்டில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல் எண்ணெய்தான்.

உள்ளே வைக்க உருளைக்கிழங்கில் பாதியைக் குறைத்து, அவித்து மசித்த கொண்டைக்கடலையைச் சேர்த்தேன். வெங்காயம், கறிவேப்பிலை, மசாலைத்தூள் வழக்கம்போல். வதக்க ஒரே கரண்டி எண்ணெய். டின் மீன் போடுவதானால் சாற்றை நன்றாக வற்ற விடுங்கள். ஈரம் இருந்தால் ஓடு நமத்துப்போகும். நிறைக்கும் முன் முழுக்க ஆற வேண்டும். நான் அவசரப்பட்ட அன்று பாதிக்குப் பாதி வாய் பிளந்துவிட்டன.

முட்டையை மேலே தடவி, 190 பாகை சூட்டில் 25 நிமிடம் சுடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் கனமான சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து, மூடி, மட்டான தீயில் சுடலாம். நேரம் கூடுதலாகும், நடுவில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும்.

இலேசு என்பதற்காக ஆறு தின்னலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மாவும் கிழங்கும் மாவுச்சத்துத்தானே! மாமாவுக்கு இரண்டு, சீனி போடாத தேநீருடன். முதல் நாள், "பொரித்ததுபோல் வருமா?" என்று முணுமுணுத்தார். மறுநாள் மூன்றரை மணிக்கே, "அந்தத் தயிர் கறிபாப் இன்னைக்கு உண்டா?" என்று அடுப்படிக்கு வந்து நின்றார்.