நாள்தோறும் ஒரு நாழிகை

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த அறுபதில் ஒன்றைக் குடும்பத்தார் அனைவரும் கூடி ஒன்றை ஆக்குவதற்கோ ஆடுவதற்கோ ஒதுக்குதல் வேண்டும் என்பதே நான் கூற விழைவது. அதன் காரணத்தை முதலிற் காண்போம்.

ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர் 1936ஆம் ஆண்டில், குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு முதலிய வெவ்வேறு இன்னல்களுக்கு உட்பட்ட எலிகளின் உடல்கள் ஏறத்தாழ ஒரே வகையான மாறுதலை அடைவதை எடுத்துக்காட்டினார். நம் உடலிலும் இத்தகைய பொதுவான எதிர்வினை உண்டு. அச்சம் நேர்ந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவற்றைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. பாம்பைக் கண்டு ஓடுபவனுக்கு இது நல்ல துணை. ஓடி ஒதுங்கியதும் உடல் அமைதி பெறும். ஆனால் தேர்வு, வேலை, கடன், ஓயாது ஒலிக்கும் கைப்பேசி ஆகியவற்றிலிருந்து ஓடி ஒதுங்குவது எங்ஙனம்? பதற்றம் நெடுநாள் தங்கிவிடின் உறக்கம் கெடுகிறது, நினைவாற்றல் தளர்கிறது, வீட்டாரிடம் பேசும் சொல்லும் கடுமை அடைகிறது.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில், மதிப்பெண் அட்டையை வீட்டில் காட்டாது மறைத்த பிள்ளைகள் பலரோடு பேசியிருக்கிறேன். அடிக்கு அஞ்சி மறைத்தோர் சிலரே. வீட்டில் மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சே இல்லாமையால் மறைத்தோரே மிகப் பலர். சிறு செய்திகளைப் பேசிப் பழகாத வீட்டில் பெருந்துன்பத்தைத் திடீரெனப் பேச நா எழுமோ? நடந்து நடந்தே ஒற்றையடிப் பாதை உண்டாகிறது. பேச்சுக்கும் அத்தகைய பாதை முன்னரே இருத்தல் வேண்டும்.

இதனை நன்குணர்ந்தவர், ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் பயின்ற ஃபுரோபெல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர். அவர் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கென விளையாட்டுக் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். பள்ளியோடு அவர் நின்றாரில்லை. தாய்மார் வீட்டில் பிள்ளைகளோடு ஆடுதற்குரிய விரல் விளையாட்டுகளும் பாடல்களும் அடங்கிய நூலொன்றை 1844இல் வெளியிட்டார்.

நமக்கோ அத்தகைய செல்வம் வீட்டிலேயே உண்டு. பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 7 ஆக 14 குழிகள். குழிக்கு 5 புளியங்கொட்டை இட்டால் மொத்தம் 70. குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு'. குழிக்குரியவர் அதனை எடுத்துக்கொள்வார். இவ்வாட்டத்தில் பாட்டி ஆசிரியை ஆகிறார். பொறியியல் பயின்ற பேரன் மாணவன் ஆகிறான். கண் குழியிலும் கை கொட்டையிலும் இருக்க, நா தானே கட்டவிழ்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்து, "என்ன கவலை?" என்று வினவினால் வாராத சொல், இங்கே கேளாமலே வரும்.

கோலமும் அத்தகையதே. புள்ளிகள் அவையே, இழைகளை ஓட்டும் வழிகளோ பல. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தோரும் கோல வடிவங்களுக்குக் கணித முறையில் இலக்கணம் வகுத்து 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அன்னையின் விரல் நுனியில் உள்ள அறிவு அத்துணை நுண்ணியது! ஆக்கத்திறன் என்பது பெருங்கலைஞர்க்கே உரியதன்று. பழைய புள்ளியில் புதிய இழை ஓட்டுவதும், தெரிந்த கதைக்கு வேறு முடிவு கூறுவதும், கிழிந்த துணியில் பொம்மை தைப்பதும் ஆக்கமே.

இந்நாழிகைக்கு மூன்று நெறிகள் போதும். கைப்பேசிகள் வேறோர் அறையில் இருக்கட்டும். மதிப்பெண், சம்பளம் பற்றிய பேச்சு வேண்டா. எவர் செய்ததையும் எள்ளி நகையாடலாகாது. பெற்றோர் இரவில் தாமதித்து வரும் வீடாயின், விடுமுறை நாளில் மட்டுமேனும் இதனைக் கைக்கொள்ளலாம்.

இதனால் கடன் தீராது, தேர்வும் எளிதாகாது. ஆயினும் அவற்றைத் தனியே சுமக்கும் நிலை மாறும். பெரியவர்கள் தொடங்கட்டும் எனக் காத்திராதீர்கள். இன்று மாலை நீங்களே சென்று, "பாட்டி, எனக்குப் பல்லாங்குழி கற்றுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மறுக்கும் பாட்டியை நான் இதுவரை கண்டதில்லை.