மருந்துக்கு ஒரு மேலாடை

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் குடும்பமே நிலைகுலைகின்றது. நோயைவிட மருந்துக்கு அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் முற்றிலும் வீண் அன்று. டாக்ஸோருபிசின் என்னும் வீரியமிக்க மருந்து புற்றணுக்களை அழிக்கும். அதுவே இதயத் தசையையும் தாக்கவல்லது. ஆதலால் ஓர் அளவுக்கு மேல் அதனைக் கொடுக்க மருத்துவர் துணிவதில்லை. நலமுள்ள உறுப்புகளைக் காத்து, நோயுற்ற இடத்திற்கு மருந்தைச் சேர்ப்பிக்க வழி உண்டா?

1960-களில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் அலெக் பாங்ஹாம், சிலவகைக் கொழுப்புப் பொருட்கள் நீரில் தாமாகவே நுண்குமிழிகளாக அமைவதைக் கண்டறிந்தார். லைப்போசோம் எனப்படும் இக்குமிழிக்குள் மருந்தை அடைத்து இரத்தத்தில் செலுத்தலாம் என்ற எண்ணம் பின்னர்ப் பிறந்தது. ஆனால் இறைவன் நம் உடலில் வைத்துள்ள காவலர் விழிப்புமிக்கவர். இரத்தத்திலுள்ள சில புரதங்கள் குமிழியின்மேல் ஒட்டி, அது அந்நியப் பொருள் எனக் காட்டிக் கொடுக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உடனே அதனை விழுங்கிவிடும்.

இதற்குக் கண்ட பரிகாரமே மேலாடை. பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் நீண்ட இழைகளைக் குமிழியின் மேற்பரப்பில் நெருக்கமாகப் பதித்தனர். அவை நீரை ஈர்த்துப் போர்வைபோல் சூழ்வதால் புரதங்கள் எளிதில் ஒட்டுவதில்லை. எருசலேம் நகரில் பாரன்ஹோல்ஸ், கபிசோன் ஆகிய அறிஞர்கள் பல்லாண்டு உழைத்ததன் பயனாக உருவான டாக்ஸில் என்ற மருந்தை, 1995-ல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. 1999-ல் சூலகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறளவே இருக்கும் இக்குமிழி, இரத்தத்தில் பல நாட்கள் உலவுகின்றது. பல கட்டிகளில் இரத்தக் குழாய்ச் சுவர்கள் இடைவெளி விட்டிருப்பதால், அவ்வழியே கசிந்து உள்ளே தங்குகின்றது. இதயத்திற்கு நேரும் கேடும் குறைகின்றது.

எனினும் இம்மேலாடைக்கும் விலை உண்டு. நெடுநேரம் உலவும் மருந்து தோலையும் சென்றடைவதால், சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும், கொப்புளமும் எழும். முதன்முறை செலுத்தும்போது சிலருக்கு மூச்சு முட்டுவதும் உண்டு.

அன்பார்ந்த குடும்பத்தினரே! வேதனையைச் சொல்லாமல் பொறுப்பதே புண்ணியம் என எண்ணும் தாய்மார் நம்மிடையே பலர். இங்கு அவ்வாறு மறைத்தல் தகாது. உரிய வேளையில் அறிவித்தால் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது நாளைத் தள்ளி வைப்பார். செபம் ஒன்றே போதும், மருந்து வேண்டாம் என்பதும் திருச்சபையின் போதனை அன்று. சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரம், நோயுற்றோர் இறைவனை மன்றாடவும் மருத்துவருக்கு இடமளிக்கவும் ஒருங்கே கற்பிக்கின்றது.

மேலாடை தானே நோயைத் தீர்ப்பதில்லை. தீர்க்கும் மருந்தைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கின்றது. நோயாளியின் அருகிலிருந்து, அவர் சொல்லத் தயங்கும் வலியைக் கேட்டறிந்து, மருத்துவரிடம் எடுத்துரைக்கும் இல்லத்தாரின் பணியும் அத்தகையதே.