மருந்து போதாது, சட்டம் வேண்டும்!

மரக்காணத்து உப்பளத்தைக் கண்டதுண்டா, தோழர்களே! தொலைவிலே நின்று பார்ப்போர்க்கு அது முத்துக் குவியல். பாத்தியிலே இறங்கி மிதிப்பவனுக்கோ பாதத்தைத் தின்னும் பகை! காலிலே வெடிப்பு, கையிலே காய்ப்பு, கண்ணிலே கூச்சம். ஐப்பசி அடைமழை இறங்கிவிட்டால் அளத்திலே வேலையில்லை, அடுப்பிலே நெருப்பில்லை!

புண்பட்ட காலுக்கு மருந்திடும் தொண்டர்களை வாழ்த்துகிறோம். ஆனால், மறுநாள் காலை அதே கால் அதே உப்பு நீரிலேதானே இறங்குகிறது? புண்ணை ஆற்றுவது தொண்டு. புண் வராமல் தடுப்பது சட்டம். தொண்டு செய்தவரே சட்டம் செய்யும் மன்றத்துக்குப் போனால்?

போனவர் உண்டு. துர்காபாய் தேஷ்முக்! காங்கிரசுக்காரர், இந்திப் பள்ளி நடத்தியவர். கொள்கையிலே அவர் வேறு, நாம் வேறு. எனினும், பிறர் செய்த நற்செயலை மறைப்பது நமக்கு வழக்கமல்ல.

1930 உப்பு அறப்போரிலே, 20 வயதிலே சிறை புகுந்தார். தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கத் தெரியாத ஏழைப் பெண்களை அங்கே கண்டார். கண்ணீரோடு நிற்கவில்லை, சட்டம் படித்தார். 1937-இல் சென்னையிலே ஆந்திர மகிளா சபையை அமைத்தார். 1946-இல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினரானார். 1952 தேர்தலிலே தோற்றார், துவளவில்லை! திட்டக் குழுவிலே அமர்ந்தார். 1953-இல் மத்திய சமூக நல வாரியம் பிறந்தது. முதல் தலைவர் அவரே. தொண்டு நிலையங்களுக்கு அரசுப் பணம் போய்ச் சேர வழி பிறந்தது. குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்றார். 1984-இல் அது சட்டமாயிற்று, அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின்!

இதிலே உப்பளத் தொழிலாளிக்கு என்ன என்கிறீர்களா? அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலிலே 58-ஆவது இனம் எது தெரியுமா? உப்பு! வேலையில்லா மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிற்று. நல்லது, வரவேற்கிறோம். ஆனால், உப்புத் தொழிலை ஒழுங்கு செய்யும் அதிகாரம் இருப்பது தில்லியிலே! உப்பின் மீதிருந்த வரி 1947-இல் போயிற்று; உப்பு வாருகிறவன் காலிலே உள்ள புண் போயிற்றா?

ஆகவே தோழர்களே, வாக்குக் கேட்டு வருகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: "எங்கள் பாத்தியிலே எத்தனை நாள் நின்றாய்?" நின்றவரைத் தேர்ந்தெடுங்கள், தில்லிக்கு அனுப்புங்கள். காலுக்குக் களிம்பிட்ட கை, நாளை சட்டம் எழுதட்டும்!