குக்கர் மூடியும் ரோலர் கோஸ்டர் கம்பியும்

சேலம் பக்கத்து ஜலகண்டாபுரத்துக்காரர்கள் தீம் பார்க் போவதென்றால் பெரும்பாலும் பெங்களூருப் பயணம்தான். வேன் பேசி, விடியும் முன்பே கிளம்பி, ஓமலூர், தருமபுரி, ஒசூர் தாண்டி, மைசூர் சாலையில் பிடதிக்குப் பக்கத்தில் இருக்கும் வொண்டர்லாவில் போய் இறங்குவார்கள். வருடம் முழுக்கத் தறிச் சத்தத்திலேயே இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய நாள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, ரைடில் ஏறி உட்கார்ந்து, மடிக்கு மேலே கம்பியை இழுப்பார்கள். எந்தப் பூங்காவாக இருந்தாலும் சில சமயம் இப்படி நடக்கும்: எல்லோருக்கும் பூட்டிக்கொள்ளும் கம்பி ஒருவருக்கு மட்டும் பூட்டாது. ஆபரேட்டர் வந்து அழுத்திப் பார்ப்பார். பிறகு, "அண்ணா, நீங்க மட்டும் எறங்கிக்கிறீங்களா?" என்பார். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

உடம்பு பெருத்த பலர் இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்தே, "நான் பைகளைப் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்று கீழே நின்றுவிடுகிறார்கள். அந்தக் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதியைப் பூங்காக்காரர்கள்தான் போக்க வேண்டும். அதையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் சமையலறைக்குள் போவோம். குக்கரை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கருக்கு மூடி எதற்கு? தூசு விழாமல் இருக்க ஒரு தட்டே போதும். குக்கர் மூடியின் வேலை, உள்ளேயிருந்து மேலே தள்ளுகிற ஆவியை எதிர்த்து நிற்பது. ரைடின் கம்பிக்கும் அதே வேலைதான். பக்கவாட்டில் சாயாமல் இருக்க இருக்கையின் வடிவமே பெரும்பாலும் போதும். கம்பி எதிர்த்து நிற்பது, உங்களை இருக்கையிலிருந்து மேலே தூக்கப் பார்க்கும் விசையை.

அந்த விசை எங்கே வருகிறது? தலைகீழாகச் சுற்றும் வளையத்தில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வண்டி வேகமாக வளையத்தைச் சுற்றும்போது தண்டவாளம் உங்களை உள்பக்கமாக வளைத்துக்கொண்டே போகிறது. அதனால் உடம்பு இருக்கையோடு அழுந்துகிறது. தூக்கல் வருவது மேட்டின் உச்சியில். வண்டி மேலே ஏறி, உச்சியைத் தாண்டி, சட்டென்று கீழே வளைகிறது. ஆனால் உங்கள் உடம்பு அதுவரை போன திசையிலேயே போகப் பார்க்கிறது. வயிற்றில் ஜில்லென்று ஒன்று ஏறுகிறதே, அது அந்த நொடிதான். அப்போது புவியீர்ப்பு மட்டும் போதாமல், வண்டியோடு சேர்த்து உங்களைக் கீழே இழுப்பது கம்பிதான். ஆகவே, பார்ப்பதற்குச் சாதுவாக மேடும் பள்ளமுமாகப் போகிற ரைடில்கூட கம்பிக்குப் பெரிய வேலை இருக்கிறது.

அடுத்தது, கம்பி உடம்பில் எதைப் பிடிக்கிறது? எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். குக்கர் மூடி உட்கார வேண்டியது பாத்திரத்தின் விளிம்பில். உள்ளே சோறு கும்பலாக நிறைந்து, மூடி சோற்றின்மேல் உட்கார்ந்தால் மேலோட்டமாக மூடியது போலத் தெரியும்; ஆனால் கொதி வந்து சோறு அசைந்தால் மூடியும் அசையும். ரைடில் விளிம்பு என்பது எலும்பு. மடிக் கம்பி, தொடை இடுப்போடு சேரும் மடிப்பில், இடுப்பெலும்புக்கு நெருக்கமாக உட்கார வேண்டும். எலும்பு நசுங்காது, நகராது. தொப்பை அந்த மடிப்புக்குமேல் இறங்கியிருந்தால் கம்பி தொப்பையின்மேல் போய் நின்றுவிடும். நிற்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும், மூச்சுகூட முட்டும். ஆனால் மேட்டின் உச்சியில் உடம்பு எழும்போது சதை நசுங்கி வழிவிடும். இடுப்புக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி பிறக்கும். இறுக்கமாக இருப்பதும் பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை ரைடில் ஏறும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் சோற்றின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. பாத்திரம் மூன்று லிட்டர், அவ்வளவுதான். பெரும்பாலானவர்களின் உயரத்தையும் பருமனையும் கணக்கில் வைத்து இருக்கையைச் செய்கிறார்கள். அந்த அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

சரி, கம்பி எப்படிப் பூட்டுகிறது? இதை ஜலகண்டாபுரத்தில் யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. தறியில் துணி நெய்ய நெய்ய, துணி உருளை ஒரு பல் ஒரு பல்லாக முன்னே நகர்கிறது. பின்னால் திரும்பாதபடி ஒரு நாக்கு பல்சக்கரத்தில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. பழைய வகை ரைடுகளின் கம்பிக்குள் இருப்பதும் இதே பல்சக்கரமும் நாக்கும்தான். கம்பியை இழுக்கும்போது கேட்கும் 'டக் டக்' ஒவ்வொரு பல்லாக ஏறும் சத்தம். புதிய ரைடுகள் பலவற்றில் எண்ணெய் அடைத்த உருளை இருக்கிறது. கம்பி இறங்கும்போது எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது; திரும்பி வர வால்வு விடுவதில்லை. அதில் சத்தம் வராது, எந்த இடத்திலும் நிற்கும். பல்சக்கரத்தில் அப்படியில்லை. அடுத்த பல்லுக்கு அரை அங்குலம் பாக்கியிருந்தாலும் முந்தைய பல்லில்தான் போய் நிற்கும்.

ஒரு பூட்டு பழுதானால்? குக்கரில் வெயிட்டு அடைத்துக்கொண்டால் காப்பாற்ற சேஃப்டி வால்வு இருக்கிறதல்லவா? அதுபோல வேகமான ரைடுகளில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு பூட்டுகள் வைக்கிறார்கள். ஒன்று உடைந்தாலும் மற்றொன்று தனியாகவே தாங்கும். அமெரிக்காவில் பின்பற்றப்படும் எஃப்2291 என்ற தரம், ரைடின் விசையைப் பொறுத்து இந்தப் பிடிமானங்களை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்குப் பூட்டே தேவையில்லை. ஐந்தாவதற்கு இரட்டைப் பூட்டு கட்டாயம்.

"கரன்ட் போனா தொறந்துக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. திறக்காது. இந்தப் பூட்டுகளில் பூட்டியிருப்பதுதான் இயல்பு நிலை. திறப்பதற்குத்தான் மின்சாரமோ வெளி விசையோ தேவை. அந்தத் திறக்கும் அமைப்பும் பெரும்பாலும் ஏறும் மேடையில்தான் இருக்கும். வழியில் வண்டி நின்றுவிட்டால், ஊழியர்கள் மேலே ஏறி வந்து கையால் விடுவிக்கும்வரை கம்பி அப்படியேதான் இருக்கும்.

இனி, உடம்பு பெருத்தவர்களை இறக்கிவிடும் அந்தக் கட்டத்துக்கு வருவோம். குக்கர் மூடியைத் திருப்பும்போது இரண்டு கைப்பிடியும் ஒன்றன்மேல் ஒன்று நேராக வந்தால்தான் பூட்டியதாகக் கணக்கு. பாதி திரும்பியும் மூடி பிடித்துக்கொள்ளும், ஆனால் அடுப்பில் வைக்கக் கூடாது. ரைடிலும் கம்பி எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு. பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு சென்சார் இருக்கும். எல்லாக் கம்பிகளும் அந்த எல்லையைத் தாண்டினால்தான் பச்சை விளக்கு எரியும், வண்டி கிளம்பும். எனவே, "டக்குனு சத்தம் கேட்டுச்சே, கம்பி அசையலயே, அப்புறம் ஏன் எறக்கறீங்க?" என்று கேட்டால் பதில் இதுதான்: கம்பி பூட்டியிருக்கிறது, ஆனால் பூட்ட வேண்டிய இடத்தில் பூட்டவில்லை. சென்சார் இல்லாத ரைடுகளில் குட்டையான ஒரு பெல்ட்டே இந்த வேலையைச் செய்கிறது. அதன் நீளமே ஒரு அளவுகோல். கிளிப் மாட்டவில்லை என்றால் கம்பி போதுமான அளவு இறங்கவில்லை என்று பொருள்.

அந்த எல்லையைத் தளர்த்தினால் என்ன ஆகும்? 2022 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் அது நடந்தது. ஏறக்குறைய 430 அடி உயரக் கோபுரத்திலிருந்து இருக்கைகளைக் கீழே விடும் 'ஃப்ரீ ஃபால்' என்ற ரைடு அது. திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தோளுக்கு மேலிருந்து இறங்கும் கவசம் மட்டும்தான், பெல்ட் கிடையாது. தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் ஓர் ஆளுக்கு 130 கிலோ வரம்பு என்று எழுதியிருந்தது. அதைவிட அதிக எடையுள்ள, ஆறடிக்கும் மேல் உயரமான 14 வயதுச் சிறுவன் ஒருவன் ஏறினான். அவன் உட்கார்ந்த இருக்கையின் சென்சார் முன்பே கையால் மாற்றி வைக்கப்பட்டிருந்தது. கவசத்துக்கும் இருக்கைக்கும் நடுவே வழக்கமாக மூன்றரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்க வேண்டிய இடைவெளி, அங்கே ஏழு அங்குலம் வரை இருந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. பச்சை விளக்கு எரிந்தது. ரைடு கிளம்பியது. இருக்கைகள் கீழே வந்து வேகம் குறையும்போது அவன் நழுவி விழுந்து இறந்தான். இயந்திரம் உடையவில்லை, எல்லாம் சொன்னபடியே இயங்கியது. பெரிய உடம்புக்கு இடம் கொடுப்பதாக நினைத்து, அவனைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள். பிறகு அந்தக் கோபுரத்தையே பிரித்தெடுத்தார்கள். புளோரிடா மாநிலம் 2023-இல் அவன் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது.

இதனால்தான் ஆபரேட்டர் இறங்கச் சொன்னால் இறங்கிவிடுங்கள் என்கிறேன். "பரவால்ல, கொஞ்சம் அமுக்குங்க, நான் புடிச்சுக்கறேன்" என்று கெஞ்ச வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து முழு பலத்தோடு அழுத்தித்தான் உங்கள் கம்பி பூட்டுகிறது என்றால், அவர்கள் சொல்லாவிட்டாலும் நீங்களே எழுந்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆடித் திருவிழாவின்போது சேலத்தில் போடும் பொருட்காட்சியில் கொலம்பஸ் போன்ற ஆட்டங்களில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்து ஒரே நீளக் கம்பி இருப்பதுண்டு. அந்தக் கம்பி அங்கே இருப்பவர்களில் பருமனானவரின் மடியில் போய் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் ஒல்லிப் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருக்கும். அப்பா பத்திரம், பிள்ளைக்குத்தான் ஆபத்து. "நான் பக்கத்துல இருக்கேன், பயப்படாதே" என்று பிள்ளையை அணைத்து உட்காருவதுதான் இங்கே தவறாகப் போகிறது. ஒரே கம்பி என்றால் ஒரே பருமனுள்ளவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும்; முடியாவிட்டால் பிள்ளையை அந்த ஆட்டத்தில் ஏற்றவே வேண்டாம்.

எத்தனை கிலோ வரை ஏறலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடை மட்டும் முடிவு செய்வதில்லை. 110 கிலோ உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குச் சதை தொடையிலும் இடுப்பிலும் இருக்கலாம், மற்றவருக்கு மார்பிலும் தோளிலும் இருக்கலாம். மார்பு அகன்றவருக்குத் தோள் கவசம் இடிக்கும், மடிக் கம்பி சுலபமாக இறங்கும். தொடை பருத்தவருக்கு இது தலைகீழ். உடற்பயிற்சி செய்து தோள் விரிந்த இளைஞர்களையும், உயரம் அதிகமானவர்களையும் இதே கம்பிகள் இறக்கிவிடுவதுண்டு. எனவே ஒரு ரைடில் இடமில்லை என்றால் எல்லாவற்றிலும் இடமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வகைக் கம்பி என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

உட்காரும் விதத்திலும் சில அங்குலம் கிடைக்கும். முதலில் சட்டைப்பை, பேன்ட் பையில் இருக்கும் போன், பர்ஸ் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். பிறகு பின்பக்கம் இருக்கையின் முதுகில் முட்டும்வரை உள்ளே தள்ளி உட்காருங்கள். பலர் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கம்பியை இழுக்கிறார்கள். அப்போது தொடை மடிப்பு மறைந்து வயிறு முன்னால் வந்துவிடும். முதுகை நேராக வைத்து, மூச்சை வெளியே விட்டு, கம்பியை மடிப்புக்குள் போகும்படி இழுங்கள். இவ்வளவு செய்தும் பூட்டவில்லை என்றால் அந்த இருக்கை உங்கள் அளவுக்குச் செய்யப்படவில்லை.

இதையெல்லாம் வரிசையின் கடைசியில், நாற்பது பேர் பார்க்க, ஏன் கண்டுபிடிக்க வேண்டும்? வரிசை தொடங்கும் இடத்திலேயே அதே அளவுள்ள ஒரு மாதிரி இருக்கையை வைத்தால் போதும். வெளிநாட்டுப் பூங்காக்கள் பலவற்றில் அது இருக்கிறது. ஆர்லாண்டோ யுனிவர்சலில் 2010-இல் திறந்த ஹாரி பாட்டர் ரைடில் பலர் உட்கார முடியாமல் திரும்பியபோது, சில மாதங்களிலேயே குறிப்பிட்ட சில இருக்கைகளைப் பெரிய உடம்புக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். அங்கே யாரும் சென்சாரைத் திருகவில்லை, இருக்கையையே திருத்தினார்கள். நம் பூங்காக்களின் வாசலில் உயரம் அளக்க ஒரு கோடு போட்ட பலகை எப்போதும் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு மாதிரி இருக்கையையும் வையுங்கள். டிக்கெட் வாங்கும் முன்பே, யாரும் பார்க்காமல், ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.