எண்ணப்படாத கிருமிகள்

நோய்க்கிருமிகளைக் கொல்வதற்கென்று தரப்படும் மருந்தையே அவை தாங்கிப் பிழைத்துப் பெருகும் நிலையை மருத்துவ உலகம் நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் என்று அழைக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என 2022இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அதை மதிப்பீடு என்று சொல்லக் காரணம் உண்டு. இந்தச் சுமை மிகுந்திருக்கும் ஏழை நாடுகளில்தான் அதை எண்ணிப் பார்க்கும் ஆய்வுக்கூடங்கள் குறைவாக உள்ளன.

எண்ணும் முறையில் புதிர் எதுவும் இல்லை. நோயாளியின் சிறுநீரையோ இரத்தத்தையோ ஊட்டக் கலவையில் இட்டுக் கிருமியை வளர்த்து, பின்னர் அது பரவிய தட்டின்மேல் வெவ்வேறு மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்றிடம் விழுகிறது என்று அளப்பதே ‘கல்ச்சர்’ எனப்படும் வளர்ப்புச் சோதனையாகும். முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். தடையற்ற மின்சாரமும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். ஒருவரின் முடிவு அவருடைய சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. ஆயிரக்கணக்கானோரின் முடிவுகளை ஒரே அளவுகோலில் தொகுத்து ஆண்டுதோறும் ஒப்பிடும்போது அது கண்காணிப்பு ஆகிறது. அதற்கென உலக சுகாதார நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘கிளாஸ்’ அமைப்பு, 2023இல் ஆய்வுக்கூடம் உறுதி செய்த பாக்டீரியா தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்றும், இந்தியா அடங்கிய தென்கிழக்காசியப் பகுதியில் மூன்றில் ஒன்றும் மருந்துக்குக் கட்டுப்படாதவை என்று அறிவித்தது. அவ்வாண்டு ஏறத்தாழப் பாதி நாடுகள் தரவே அனுப்பவில்லை.

இந்தத் துறையில் தமிழகத்துக்குத் தனி வரலாறு உண்டு. கடைசிக் கட்ட மருந்துகளாகக் கருதப்படும் கார்பபெனம் வகையைச் சிதைக்கும் நொதியான ‘என்டிஎம்-1’ குறித்து, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலானோர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, சென்னையில் மட்டும் அத்தகைய 44 கிருமி மாதிரிகளைப் பதிவு செய்தது. நொதியின் பெயரில் புதுதில்லி இடம்பெற்றதற்கு எதிர்ப்பு எழுந்தாலும், அடுத்த ஆண்டுகளில் நடவடிக்கைகள் தொடர்ந்தன: 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன, 2013இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் இடம்பெற்ற கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது.

ஆனால் அந்த வலையமைப்பு பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளையே சார்ந்தது. அங்கு வருவோரில் பலர் வேறு இடங்களில் இரண்டு மூன்று மருந்துகளை உட்கொண்டும் குணமாகாதவர்கள் என்பதால், அங்கு கிடைக்கும் விகிதம் ஊரின் உண்மை நிலையைவிடக் கூடுதலாகவே தோன்றும். மருந்துக் கடையோடு சிகிச்சை முடிந்துவிடுவோர் கணக்கில் வருவதே இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காட்டோர ஊரான ஜவளகிரியை எடுத்துக்கொண்டால், காய்ச்சல் முற்றிய ஒருவர் தேன்கனிக்கோட்டைக்கோ ஓசூருக்கோ போகலாம். எல்லை கடந்து ஆனேக்கல், பெங்களூரு என்றும் போகலாம். அங்கே கல்ச்சர் எடுக்கப்பட்டால் அவருடைய கிருமி கர்நாடகத்துக் கணக்கில் சேரும். எடுக்கப்படாவிட்டால் எந்தக் கணக்கிலும் சேராது.

இந்த இடைவெளியை நிரப்பும் வழி வேலூரில் முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் தில்லி, மும்பை, வேலூர் ஆகிய இடங்களிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பிரிட்ஸ் ஆகிய இடங்களிலும் சமூக அளவிலான கண்காணிப்பு முயன்று பார்க்கப்பட்டது. வேலூர் ஆய்வாளர்கள் நோயாளிகளுக்காகக் காத்திராமல், பரிசோதனைக்கு வந்த நலமான கர்ப்பிணிகளின் குடலில் இயல்பாக வாழும் இ. கோலை பாக்டீரியாவைச் சோதித்தார்கள். கூடவே மருந்துக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு தரப்படுகிறது என்றும் பதிவு செய்தார்கள். நோயற்ற உடலிலுள்ள கிருமியே ஊரின் மருந்துப் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதே அதன் அடிப்படை.

2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ‘டிரைசைக்கிள்’ வழிமுறையும் பொருள் வளம் குறைந்த நாடுகளுக்கு இத்தகைய சிக்கனத்தையே முன்வைக்கிறது. முச்சக்கர வண்டியைப் போல மனிதர், உணவு, நீர் ஆகிய மூன்றிலும் ஒரே ஒரு கிருமியை, அதாவது பல ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் ‘இஎஸ்பிஎல்’ என்னும் நொதியைச் சுரக்கும் இ. கோலையை மட்டும் எண்ணினால் போதும் என்கிறது. அதற்கு ஓசூர்ப் பகுதி பொருத்தமான களம். கர்ப்பிணிகள் வரும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இங்கு உண்டு. கோழியை ஆராய, கோழியின உற்பத்திக்கெனத் தனிக் கல்லூரியே ஓசூரில் உண்டு. பெங்களூருவின் கழிவைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளும் தென்பெண்ணையாறும் உண்டு. கிருஷ்ணகிரியில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இம்மூன்றையும் இணைக்கும் ஆய்வுக்கூடமாக அமைய முடியும்.

ஏழை நாடுகளின் ஆய்வுக்கூடங்களை வலுப்படுத்த 2015இல் பிரிட்டன் தொடங்கிய ‘பிளெமிங் நிதி’ நிறுத்தப்படுவதாக 2025இல் அறிவிக்கப்பட்டது, பிறர் பணத்தில் நடக்கும் கண்காணிப்பு எவ்வளவு நிலையற்றது என்பதைக் காட்டியது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் உள்ளூர்ச் செலவிலேயே எடுக்கப்படும் சில நூறு மாதிரிகள், ஜவளகிரியில் சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்ணுக்கு எந்த மாத்திரையை முதலில் எழுதுவது என்ற கேள்விக்கு அங்குள்ள மருத்துவரிடம் விடை சேர்க்குமானால், கண்காணிப்பு தன் வேலையைச் செய்ததாகும்.