ஓட்டைத் துறந்த கணவாய்

கணவாய் என்றதும் கைபர் கணவாயையோ பாலக்காட்டுக் கணவாயையோ நினைத்துவிட வேண்டாம். நான் சொல்லப்போவது கடலில் வாழும் கணவாய். சென்ற மாதம் எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில், மருந்து நீரில் ஊறிய கணவாய் ஒன்றை அறுத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். கடலையே கண்டிராத வடநாட்டு நண்பர்கள் சற்றே பின்வாங்கினர். பாம்பனில் பிறந்த எனக்கோ அது அம்மாவின் அடுப்பங்கரையை நினைவூட்டிற்று. "இது எங்கள் ஊர் மீன்" என்றேன் பெருமையோடு. "மீனா? முதுகெலும்பு எங்கே?" என்று ஒருவர் மடக்கினார். அவர் கேட்டது நியாயந்தான்.

கணவாய் மீனன்று, நத்தைக்கும் சிப்பிக்கும் உறவு. மெல்லுடலிகள் என்னும் பெருங்குடும்பத்தில் தலைக்காலிகள் என்ற பிரிவைச் சேர்ந்தது. தலையிலிருந்தே கைகள் முளைத்திருப்பதால் இப்பெயர். நம் கடற்கரை மக்கள் இவ்வினத்தை ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் என்று வகுத்தறிவர். முதலிரண்டுக்கும் எட்டுக் கைகளோடு இரையைப் பற்ற இரண்டு நீண்ட கைகளும் உண்டு. பேய்க்கணவாய்க்கு எட்டுக் கைகளே. ஓட்டையும் ஊசியையும் வைத்துப் பெயரிட்டவர்கள் நுட்பம் அறிந்தவர்கள். ஏனெனில் இவ்வினத்தின் வரலாறு முழுவதும் ஓட்டின் வரலாறுதான்.

இவற்றின் முன்னோர் நத்தையைப் போல் உடலுக்கு வெளியே ஓடு சுமந்தவை. ஊழிகள் கடக்க, ஓடு உள்ளே சென்று சிறுத்தது. ஓட்டுக்கணவாயில் அது வெண்பலகைபோல் முதுகினுள் இருக்கிறது. அதன் நுண்ணறைகளில் உள்ள நீரைக் கூட்டியும் குறைத்தும் அவ்வுயிர் மிதக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல்நுரை' என்று விற்பது இதுவே. இந்தக் காசிமாநகரிலும் 'சமுந்தர் ஜாக்' என்று கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள். அதற்கும் பொருள் கடல்நுரையே! ஊசிக்கணவாயில் ஓடு கண்ணாடி போன்ற மெல்லிய தகடாகிவிட்டது. பேய்க்கணவாயில் அதுவுமில்லை. கிளியின் அலகு போன்ற அதன் வாய் நுழையும் துளை இருந்தால் போதும். உடல் முழுவதும் நுழைந்துவிடும்.

ஓடு போனால் பாரம் குறையும். ஆனால் காவலும் போய்விடுமே! கவசமற்ற இவ்வுயிர்கள் பிழைப்பது எவ்வாறு?

முதலில் ஓட்டம். உடற்பையில் நீரை நிரப்பி, குழல் வழியே பீச்சியடித்துப் பின்னோக்கிப் பாயும். இதற்கு மூன்று இதயங்கள் உழைக்கின்றன. செவுள்களுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. குருதியில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருப்பதால் அது நீலநிறம். பாயும்படி மூளை இடும் ஆணையை விரைந்து கொண்டுசெல்ல, ஊசிக்கணவாயில் அரை மில்லிமீட்டர் அளவு தடித்த நரம்பிழைகள் உண்டு. கம்பி செருகுமளவு தடித்த அவ்விழைகளைக் கொண்டே ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் அறிஞர்கள் நரம்பில் மின்துடிப்பு ஓடும் முறையை விளக்கினர். 1963-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றனர்.

அடுத்தது தோல். தோலெங்கும் நுண்ணிய நிறப்பைகள். தசைகள் இழுத்தால் பை விரியும், தளர்ந்தால் சுருங்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் மணலாகவும் பாசியாகவும் தோற்றம் மாறிவிடும். சிறுவயதில் பெரியப்பாவின் வள்ளத்தில், பிடிபட்ட கணவாய் நிறம் மாறி மாறி மின்னியதைக் கண்டு நான் திகைத்து நின்றிருக்கிறேன். பகைவன் நெருங்கினாலோ மையைக் கக்கி, அந்தக் கருமுகிலுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

எல்லாவற்றிலும் மேலானது அறிவு. பேய்க்கணவாயின் உடலில் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரு பங்கு கைகளிலேயே இருக்கின்றன! இந்தோனேசியக் கடலில் ஒருவகைப் பேய்க்கணவாய், மனிதர் எறிந்த தேங்காய்ச் சிரட்டைகளைச் சுமந்து சென்று, வேண்டும்போது அவற்றினுள் ஒளிந்துகொள்கிறது. இதை ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டனர். முன்னோர் துறந்த ஓட்டை அறிவால் மீட்டுக்கொண்டது என்றே சொல்லலாம்.

இத்தனை அறிவும் எத்தனை காலத்துக்கு? பெரும்பாலான கணவாய்களின் ஆயுள் ஓரிரு ஆண்டுகளே. பேய்க்கணவாய்த் தாய் முட்டைகளைத் துடைத்தும் நீர் பாய்ச்சியும் காக்கிறது. அந்நாட்களில் உணவும் கொள்வதில்லை. குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் மடிந்துவிடுகிறது. குஞ்சுக்குக் கற்றுக்கொடுக்க யாருமில்லை. ஒவ்வொரு கணவாயும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கவேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா நினைவே வந்தது. எந்த மாதத்தில் எந்தப் பாரில் கணவாய் முட்டையிடும் என்பதை ஐம்பது ஆண்டுகள் கடலில் கற்றவர் அவர். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நான் அவரிடம் கேட்டதுண்டா? இல்லை. நூல்களைப் பற்றி நானே பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு அவர் காலமானார். அவர் அறிந்தவற்றில் ஒரு வரிகூட என் ஏட்டில் இல்லை.

நண்பர்களே! நம்மில் பலர் உழவர், நெசவாளர், மீனவர் வீடுகளிலிருந்து இங்கு வந்திருக்கிறோம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கணவாயின் மை மறைந்துகொள்ளத்தான் பயன்படுகிறது. நம்மிடம் உள்ள மை, மறையாமல் காப்பதற்கல்லவா?