நாலு பேர், ஒரு தடி

கட்டடம் கட்டும் இடத்தில் கான்கிரீட் போடும் நாளைப் பார்த்திருக்கிறீர்களா? ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். யாரும் தனியாக முழுத் தூரமும் சுமப்பதில்லை. ஆனால் நடுவில் ஒருவர் கை தவறினால் போதும். வரிசை முழுவதும் நின்றுவிடும்.

தொடர் ஓட்டமும் இப்படித்தான். இதை ரிலே என்றும் சொல்வார்கள்.

பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டி ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. காலையில் அந்தப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். குழு குழுவாக ஓடிக்கொண்டிருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள், வீட்டைக் கவனிக்கும் பெண்கள், வயதானவர்கள் எல்லாரும் அதில் உண்டு. இப்படி ஒரு குழு சேர்ந்து ஓடுவதற்கு ஏற்ற பந்தயம் தொடர் ஓட்டம்.

தடி எப்படி இருக்கும்?

போட்டிகளில் ஓர் அணிக்கு 4 பேர். முதல் ஆள் கையில் ஒரு சிறு தடி இருக்கும். இதற்குப் பேட்டன் என்று பெயர். நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர். எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. முதல் ஆள் தன் தூரத்தை ஓடி, தடியை அடுத்தவரிடம் தருவார். கடைசி ஆள் தடியோடு எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். தடி இல்லாமல் முதலில் வந்தாலும் பயன் இல்லை.

தடியை நினைத்த இடத்தில் கொடுக்க முடியாது. அதற்கென்று தரையில் கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் 100 மீட்டர் ஓடும் பந்தயத்தில் இந்த இடம் 30 மீட்டர் நீளம். ஒவ்வொருவரும் 400 மீட்டர் ஓடும் பந்தயத்தில் 20 மீட்டர். அதற்குள் தடி கை மாறிவிட வேண்டும். இல்லாவிட்டால் அணி போட்டியிலிருந்து நீக்கப்படும்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை 9.58 விநாடி. 2009-ஆம் ஆண்டில் ஜமைக்கா நாட்டு வீரர் உசைன் போல்ட் செய்த சாதனை இது. 2012-இல் அவர் ஓடிய அணி, தொடர் ஓட்டத்தில் 400 மீட்டரை 36.84 விநாடியில் முடித்தது. இதை நாலால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 9.21 விநாடி வரும்.

தனியாக ஓடி 9.21 விநாடியில் 100 மீட்டரைக் கடந்தவர் எவரும் இல்லை. பிறகு இது எப்படி முடிந்தது? இரண்டாம், மூன்றாம், நாலாம் ஆட்கள் நின்ற இடத்தில் தடியை வாங்குவதில்லை. முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். ஓட்டம் வேகம் பிடித்த பிறகே தடி கைக்கு வருகிறது. அதனால் நேரம் மிச்சமாகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் இந்தப் பந்தயத்தில் தடியைத் தவறவிட்டன. இரண்டு அணியும் இறுதிப் போட்டிக்கே போகவில்லை. கால் வேகம் இருந்தும் கை சேரவில்லை.

விழுந்தவரும் எழுந்தவரும்

நம் நாட்டுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் அணி, ஒவ்வொருவரும் 400 மீட்டர் ஓடும் தொடர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி வரை சென்றது. பி.டி. உஷா, ஷைனி ஆபிரகாம், எம்.டி. வல்சம்மா ஆகியோருடன் கர்நாடகத்தின் வந்தனா ராவும் ஓடினார். ஏழாம் இடம் கிடைத்தது.

2024 மே மாதம் பஹாமாஸ் நாட்டின் நாசோ நகரில் ஒரு போட்டி நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் போட்டி அது. இந்திய ஆண்கள் அணியில் இரண்டாவதாக ஓடியவர் ராஜேஷ் ரமேஷ். பாதி வழியில் அவருக்குத் தசை பிடித்துக்கொண்டது. ஓட முடியாமல் நின்றுவிட்டார். அடுத்த இருவர் கைக்குத் தடி போகவே இல்லை.

மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருந்தது. ராஜேஷின் இடத்தில் ஆரோக்கிய ராஜீவ் இறங்கினார். இவர் திருச்சி மாவட்டத்துக்காரர். அணி 3 நிமிடம் 3.23 விநாடியில் இரண்டாவதாக வந்து, பாரிஸுக்குத் தகுதி பெற்றது. அன்று நின்றுவிட்ட ராஜேஷ், பாரிஸில் மறுபடி அணியில் ஓடினார். அணி இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. ஆனாலும் அவரை அணி கைவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் குழு ஓடுவது எப்படி?

முதலில் வரிசையாக நின்றபடியே தடியைக் கை மாற்றிப் பழகுங்கள். அடுத்து நடந்துகொண்டே கொடுங்கள். பிறகு மெதுவாக ஓடிக்கொண்டே கொடுங்கள். வேகம் கடைசியில்தான்.

முதல் ஆள் வலக் கையில் பிடித்தால், இரண்டாம் ஆள் இடக் கையில் வாங்கட்டும். மூன்றாம் ஆள் வலக் கையில், நாலாம் ஆள் இடக் கையில். அப்போது ஒருவர் கால் மற்றவர் காலில் இடறாது.

தடியைத் தரும்போது சொல்ல ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். பெங்களூரில் ஒரே குழுவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுபவர்கள் இருப்பார்கள். 'பிடி' என்றாலும் சரி, 'தகோ' என்றாலும் சரி. எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்.

கீழே விழுந்தால் பயப்படாதீர்கள். தவறவிட்டவரே தடியை எடுக்க வேண்டும். மற்ற அணியின் ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்யாமல் எடுத்து, தொடர்ந்து ஓடலாம்.

மெதுவாக ஓடுபவரைக் குழுவில் சேர்க்கத் தயங்க வேண்டாம். அவர் கொஞ்சம் பின்தங்கலாம். ஆனால் தடியைச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தால் போதும். மீதித் தூரத்துக்கு அடுத்தவர் கை நீட்டிக் காத்திருக்கிறார்.